வெறுங்கையால் தொடாதீர்

ஜனவரி 12, திங்கள்

இன்று பதினொரு குழாய்கள். பதினொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கையில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். சொந்த நாட்குறிப்பில்கூடப் பெருமை பேசாவிட்டால் வேறு எங்கே பேசுவது?

எங்கள் பட்டறையில் சாதாரணக் கண்ணாடி கிடையாது, குவார்ட்ஸ். ஜன்னல் கண்ணாடி பாகாகி ஓடிவிடும் சூட்டிலும் இது அசையாமல் நிற்கும். ஆய்வகங்களின் உலைக்குள் போகும் குழாய்களை நான் செய்கிறேன். ஒரு முனையைச் சுடரில் உருக்கி மூட வேண்டும், மறுமுனைக்கு விளிம்பு வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதன் பிறகு என் நாத்தனார் கழுவுவார். முதலில் அமிலத் தொட்டி, அப்புறம் மூன்று அலசல், கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். காயவைக்கும் அலமாரியிலிருந்து எடுத்து, கையுறை போட்ட கையால் என்னிடம் நீட்டுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இடது கை மேலிருந்தும் வலது கை கீழிருந்தும் பிடித்து, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். அதற்குப் பட்டறையில் பெயர் கடைசிப் பார்வை. அதில் தேறாமல் இங்கிருந்து ஒரு குழாயும் பெட்டிக்குள் போனதில்லை.

சுவரில் ‘வெறுங்கையால் தொடாதீர்’ என்று ஒரு பலகை இருக்கிறது. எழுதியது நான்தான். ஆனால் அது எனக்குப் பொருந்தாது. சேர்ந்த இரண்டாம் வருடமே சோதித்துக் காட்டிவிட்டேன். வெறுங்கையால் தடவிய குழாயை மூன்று நாள் உலையில் வைத்தும் ஒரு தடம்கூட விழவில்லை. என் கை அவ்வளவு காய்ந்த கை, விறகு மாதிரி. இடது ஆள்காட்டி விரல் நுனி மட்டும் முதல் வருடம் சூடுபட்டுப் பாதி மழுங்கிப்போனது. மற்ற ஒன்பது விரலும் மயிரிழைக் கீறலைக்கூடத் தடவியே கண்டுபிடிக்கும். கையுறைக்குள்ளிருந்து அது முடியாது.

நாத்தனார் இன்று பேசியவை: பஸ் பதினைந்து நிமிடம் தாமதம், அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, என் கை, பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்து மட்டும் குரைப்பது, அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், மெலிந்துவிட்டது, மறுபடி நாய். காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவரோடு வேலை பார்க்க வேண்டும்.

ஜனவரி 16, வெள்ளி

பட்டறை ஹீட்டரில் யாரோ சூட்டைக் கூட்டி வைக்கிறார்கள். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நாத்தனார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் நடிப்பு.

ஜனவரி 20, செவ்வாய்

ஒரு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். அங்கே குழாய்களை வாங்குகிற அம்மா நிதானமாகப் பேசுகிறவர். டிசம்பரில் நாங்கள் அனுப்பிய எட்டுக் குழாய்களில் ஐந்து, உலையில் ஒரு வாரம் இருந்ததுமே வெளுத்துவிட்டனவாம்.

“பால் ஊத்தின மாதிரி இருக்குங்க. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கவே முடியல. ஆறினதும் செதில் செதிலா உதிருது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், “உங்க உலையைச் சுத்தம் பண்ணுங்கம்மா. எங்க குழாய் இருபது வருஷமா இப்படி ஆனதில்லை.”

“உலை புதுசுங்க.”

“புது உலையிலயும் தூசி இருக்கும்.”

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்க்கலாம்’. லீவு கேட்டாலும், விளக்கு மாற்றச் சொன்னாலும், கூரை இடிந்து விழுகிறது என்றாலும் ‘பார்க்கலாம்’ என்பார். இதற்கும் அதைத்தான் சொன்னார். கெட்டுப்போன ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

ஜனவரி 27, செவ்வாய்

குழாய் வந்தது.

கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. நான்தான் செய்தேன், அந்த விளிம்பு என் விளிம்பு. ஆனால் நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், கண்ணில் புரை விழுந்ததுபோல. விரலால் தொட்டால் மாவாக ஒட்டுகிறது.

இதற்கு என்ன காரணம் என்று பாக்கிங் அண்ணன் கேட்டார். பெட்டி கட்டுபவர், பாவம், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பஸ் ஸ்டாப்பை வைத்துச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் கூட்டம் கண்டபடி நிற்கிறது, வரிசையும் இல்லை ஒழுங்கும் இல்லை. அதுதான் கண்ணாடி. அப்படிக் கலைந்து நிற்கிற வரைக்கும்தான் வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வரும். நல்ல சூட்டில் ரொம்ப நேரம் இருந்தால் அந்தக் கூட்டத்துக்குக் கால் நகர ஆரம்பிக்கும். அப்போதும் சும்மா வரிசை வந்துவிடாது, முதலில் ஒருத்தர் நிற்க வேண்டும். அந்த முதல் ஆள் ஒரு துளி உப்பு, ஒரு துளி அழுக்கு. அவர் நின்றால் பின்னால் ஒவ்வொருவராகப் போய் நின்று, படிகம் படிகமாக வரிசை கட்டிவிடும். வரிசை வந்தால் தெளிவு போச்சு. திரும்பக் கலைக்கவும் முடியாது.

“அப்ப ஒழுங்கா நின்னா தப்பா?” என்றார் அண்ணன்.

“கண்ணாடிக்குத் தப்பு.”

ஆக, யாரோ ஒரு துளி உப்பை உள்ளே விட்டிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

ஜனவரி 30, வெள்ளி

இரண்டாவது புகார், வேறு ஆய்வகம். அங்கும் அதே வெள்ளைத் திட்டு.

வடிநீர் இயந்திரம் நவம்பரிலிருந்து மெதுவாகத்தான் சொட்டுகிறது. ஒரு வாளி நிறைய அரை நாள் ஆகிறது. கடைசி அலசலுக்கு நாத்தனார் நேரே தெருக்குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால்? தெருக்குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. காய்ந்தால் சொட்டுச் சொட்டாகத் தடம் விடும். திட்டுகளும் சொட்டு மாதிரிதான் இருக்கின்றன, நீள்வட்டமாக. எனக்குப் புரிந்துவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல், முதலாளி, பாக்கிங் அண்ணன், குழாய் வெட்டுகிறவர்கள் இருவர் என எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

“அண்ணி, கடைசி அலசல் எதுல பண்றீங்க?”

“வடிநீர்லதான்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். நேரம் ஆனாலும் காத்திருந்து—”

“காத்திருக்கிற நேரத்துல வாய்தான் ஓடுது. பேசிக்கிட்டே கழுவுனா எது எந்தத் தண்ணின்னு உங்களுக்கே தெரியாது. கழுவுறது கையா வாயான்னே தெரியல.”

வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். நாத்தனார் என்னையே பார்த்தார். அவர் பதில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. இன்று சொல்லவில்லை.

இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருந்தது. சொந்தம் என்று மூடி மறைத்தால் என் பார்வைக்கு என்ன மரியாதை?

பிப்ரவரி 5, வியாழன்

முதலாளி எழுதித் தரச் சொன்னார். ‘கழுவும் பகுதியின் கவனக்குறைவால்’ என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாத்தனாரைப் பாக்கிங்குக்கு மாற்றியாயிற்று. பாக்கிங் அண்ணன் கழுவ வந்துவிட்டார். பாக்கிங்கில் இரண்டு பேருக்கு வேலை கிடையாது, அதனால் இந்த மாதக் கடைசியோடு நாத்தனாரை நிறுத்திவிடுவதாக முதலாளி சொன்னார். இதற்கு மட்டும் அவர் ‘பார்க்கலாம்’ சொல்லவில்லை.

நான் மாற்றத்தான் சொன்னேன், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் காரணம் காரணம்தானே.

பிப்ரவரி 8, ஞாயிறு

வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. தட்டை எடு, தண்ணீர் கொடு, ஜன்னலைச் சாத்து என்றெல்லாம் பேசினார். ஜன்னலைத் திறந்து வைத்ததற்குத்தான் இன்றைய சண்டை. எனக்குப் புழுங்குகிறது, அவருக்கு நடுங்குகிறதாம். காலையில் எழுந்தால் என் தலையணை உறை ஈரமாக இருக்கிறது, இவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாலையில் அக்காவைப் பற்றித் தொடங்கினார். சின்ன வயதில் இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த அக்கா.

“அவ பேசுவா. ஆனா ஏமாத்த மாட்டா.”

“நான் ஏமாத்துனாங்கன்னு சொல்லலியே. கவனமில்லன்னுதான் சொன்னேன்.”

“பஸ் கண்ணாடி மங்கினா புது டிரைவருங்க எறங்கிப்போய் வெளியில துடைப்பானுங்க. பாதி நாள் அது உள்ள இருக்கிற எங்க மூச்சுதான்.”

பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாம் பஸ்ஸாகத்தான் தெரியும். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

பட்டறை அமைதியாக இருக்கிறது. பாக்கிங் அண்ணன் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நாத்தனார் அடுத்த அறையில் அட்டையை மடிக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. காலையில் வணக்கம் மாதிரி தலையை அசைக்கிறார், அவ்வளவுதான்.

வேலை ஓடுகிறது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

நாய் இன்னும் குரைக்கிறதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. எங்கள் சோதனை உலையில் இரண்டு குழாய்களை ஏற்றிவிட்டேன். ஒன்று பாக்கிங் அண்ணன் கழுவியது. இன்னொன்று நானே கழுவியது, வடிநீரில் மூன்று முறை, வாயே திறக்காமல். இரண்டையும் கடைசிப் பார்வை பார்த்துத்தான் வைத்தேன். திங்கள்கிழமை இரண்டும் பளிங்காக வெளியே வரும், என் அரைப் பக்கத்துக்கு அதுவே சாட்சி.

பிப்ரவரி 16, திங்கள்

இரண்டும் வெளுத்திருக்கின்றன. நான் கழுவியது இன்னும் மோசம்.

உலை சரியில்லை. அல்லது வாங்கின மூலக் குழாயே சரியில்லை. கம்பெனிக்காரனுக்குக் கடுதாசி எழுதச் சொன்னேன். முதலாளி ‘பார்க்கலாம்’ என்றார். அப்படிச் சொல்லும்போது சுவரில் இருக்கும் பலகையைப் பார்த்தார். எதேச்சையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

நாளை வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்குகிறார்கள். பெரிய பஸ்ஸை மலைப்பாதையில் ஓட்டுகிற மனிதருக்கு ஊசி என்றால் கை கால் உதறுகிறது. கூடப் போயே ஆக வேண்டும். பாக்கிங் அண்ணனிடம் இன்னொரு குழாய் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை உலை ஏற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பல் போயிற்று. மனிதர் உயிரோடு இருக்கிறார். என்னைத் தவிர ஊரில் எல்லோரிடமும் தைரியமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் வருவேன் என்று காத்திருக்காமல் அண்ணன் நேற்றே குழாயை உலையில் வைத்துவிட்டாராம். கடைசிப் பார்வை இல்லாமலா என்றேன். “நீங்கதான் வியாழக்கிழமை ஏறணும்னு சொன்னீங்க” என்றார். சொன்னதைச் செய்கிற மனிதரோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம்.

பிப்ரவரி 23, திங்கள்

உலையைத் திறந்தோம்.

அது தெளிவாக இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்த மாதிரியே, ஒரு புள்ளி இல்லை. அதே உலை, அதே மூலக் குழாய், அதே அண்ணன், அதே தண்ணீர். நான் பார்க்காதது மட்டும்தான் வித்தியாசம்.

அண்ணன் சாப்பிடப் போனதும் போன வாரத்து வெளுத்த குழாயை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எப்போதும் பிடிப்பதுபோலத்தான், இடது கை மேலிருந்து, வலது கை கீழிருந்து. வெள்ளைத் திட்டுகள் எல்லாம் என் விரல்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. கையை எடுத்தால் இடது பக்கம் மேலே நான்கு, அடியில் ஒன்று. வலது பக்கம் அதற்கு நேர்மாறாக. இந்தப் பட்டறையில் குழாயை இப்படிப் பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். சுடரில் சுற்றுகிறவர்களுக்கு மட்டுமே வருகிற பிடி அது. இடது ஆள்காட்டி விரல் விழுந்த இடத்தில் அரைத் திட்டுதான் இருக்கிறது. மழுங்கின நுனி.

டிசம்பர் குழாயையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அந்த அரைத் திட்டு.

பிறகு கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை பளபளவென்று ஈரம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

யாருக்கும் தெரியாது.

நாளையிலிருந்து பேசாமல் கையுறை போட்டுக்கொண்டால் போதும். குழாய்கள் சரியாகிவிடும். பாக்கிங் அண்ணன் நன்றாகக் கழுவுகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அரைப் பக்கம் அப்படியே கோப்பில் கிடக்கும். சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு கேட்க ஆளே இருக்காது.

இதை எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நேற்று மதியத்திலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. இருபத்திரண்டு வருஷம் — காஞ்ச கை காஞ்ச கைன்னு பேர் வாங்கி — இப்ப நானே போய் என் கைதான் சார்னு நிக்கணுமா? அந்த வெட்டுறவனுங்க முன்னாடியா? கழுவுறது சரியில்லன்னு ஒருத்தரைச் சொல்லிட்டு, என் கையை நான் பாக்கவே இல்லியே. எப்படிப் பாக்காமப் போனேன்?

பயம் என்று இல்லை. சரி, பயம்தான்.

பிப்ரவரி 25, புதன்

நாத்தனாரிடம் முதலில் போனேன். பாக்கிங் அறையில் தனியாக இருந்தார்.

“அண்ணி, குழாயில இருந்தது தண்ணித் தடம் இல்ல. என் கை.”

அவர் கையிலிருந்த அட்டையை மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

“தோணுச்சு.”

“தோணுச்சா? அப்பவே ஏன் சொல்லல?”

“நவம்பர்லயே சொன்னேன். குழாயை உங்கிட்ட இருந்து திரும்ப வாங்குறப்ப பிசுபிசுன்னு இருக்குது, கையைத் துடைச்சுக்கோ, இல்லன்னா உறை போட்டுக்கோன்னேன். அப்புறமும் மூணு நாலு தடவை சொன்னேன். நீ எதைக் கேட்ட?”

“நான் பழி போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“பேச்சுதான் குத்தம்னு சொல்லிட்டியே. அதுக்கு மேல வாயைத் திறந்தா அதுவும் குத்தம்தானே.”

அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து என் கையை எடுத்தார். கடையில் பொருள் வாங்குகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்ப இருந்து இப்படி வேர்க்குது?”

“வேர்க்கல. பட்டறை சூடு.”

“நான் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன். தலையணை நனையுதா?”

“நனையுது.”

“திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குதா? ஒண்ணுமில்லாததுக்கு எரிஞ்சு விழுறியா? அதை நான் கேக்க வேண்டியதே இல்ல.” கையை என் மடியில் திருப்பி வைத்தார். “உனக்குத் தீட்டு நிக்கிற வயசு வந்தாச்சு. எனக்கும் ரெண்டு வருஷம் இப்படித்தான். கைக்கு வந்தது பரவால்ல. எனக்கு உள்ளங்கால்ல வந்துச்சு, செருப்போட வழுக்கி நடுரோட்டுல உக்காந்தேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கோங்க அண்ணி என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எல்லாரு முன்னாடியும் பழி சொன்ன. இதைத் தனியா வந்து எங்கிட்ட சொன்னா எனக்கு என்ன பிரயோசனம்? அங்க சொல்லு.”

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முன்னால் புரட்டினேன். ஜனவரி 12. பஸ், ஒழுகல், என் கை, நாய். நானே எழுதி வைத்திருக்கிறேன். அவர் சொன்னது காதில் விழுந்து, கை வரைக்கும் போய், காகிதத்தில் மையாகியும் எனக்குப் போய்ச் சேரவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் முதலாளி வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டேன். நாத்தனாரையும். இரண்டு குழாயையும் மேசையில் வைத்தேன். வெளுத்ததைக் கையில் பிடித்து, திட்டுகள் விரலுக்கடியில் மறைவதைக் காட்டினேன். அரைத் திட்டில் என் அரை விரலை வைத்தேன்.

“அண்ணி கழுவினதுல தப்பே இல்ல. கையுறை போடாமத் தொட்டது நான். பலகை எழுதினவளே நான்தான். அவங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியும் நான் கேக்கல. பேச்சைக் கிண்டல் பண்ணினதும் தப்பு.”

தப்பைக்கூட உருப்படியாகத்தான் விளக்கினேன் என்று நினைக்கிறேன். வெட்டுகிறவர்களில் ஒருவர், “கை ஏன் திடீர்னு வேர்க்குது?” என்று கேட்டார். “வயசு” என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அரைப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தார். அங்கேயே கிழித்தேன். ‘பார்க்கலாம்’ வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“அவங்க கழுவுற வேலைக்கே திரும்பட்டும். கடைசிப் பார்வையும் அவங்களே பாக்கட்டும். உங்களுக்கு இனி வேணாம்மா. நீங்க சுடரோட இருங்க.”

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நியாயமான பேச்சு. ஆனாலும் நெஞ்சில் ஒரு இடத்தில் சுளீர் என்றது, அதையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு ஆய்வகத்துக்கும் நானே போன் செய்தேன். உங்கள் உலையில் தவறில்லை என்றேன். அந்த நிதானமான அம்மா, “நான் உலையை மூணு தடவை கழுவினேங்க” என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

டாக்டரிடம் போனேன். நாத்தனார் சொன்னதையே கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

மார்ச் 2, திங்கள்

கையுறை. பத்து விரலும் ஜுரத்தில் கிடப்பதுபோல் இருக்கிறது. மூன்று குழாய்க்கு விளிம்பு வைத்தேன். நான்காவதில்தான் கை பழகியது. சுடரில் மூடுகிற வேலையில் இன்னும் என்னைத் தாண்ட இங்கே ஆள் இல்லை. இதையும் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், முன்பைவிடக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

நாத்தனார் கழுவும் இடத்துக்கு வந்துவிட்டார். பேச்சுதான் இன்னும் வரவில்லை. தேவைக்கு மட்டும் பேசுகிறார். “இதுல கீறல் இருக்கு.” “வடிநீர் தீர்ந்துபோச்சு.” உடைந்ததை உருக்கி ஒட்டிவிடலாம், வெளுத்ததை ஒன்றும் செய்ய முடியாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது கண்ணாடிக்கு. மனுஷங்களுக்கும் அப்படித்தானா?

மார்ச் 9, திங்கள்

புதிய குழாய்கள் போயின. பன்னிரண்டு. ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வேண்டுமென்றே நானே போய்க் கேட்டேன்.

“அண்ணி, அந்த நாய் இன்னும் உங்களைப் பாத்துக் குரைக்குதா?”

அவர் அலசலை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தார். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எடை போட்டார்.

“அது போன மாசமே வீடு மாத்திப் போயிடுச்சு.”

“அடடா.”

“என்ன அடடா? நிம்மதி.” ஒரு குழாயை அலசி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். “ஆனா அந்த வீட்டுக்கு இப்ப ஒரு பூனை வந்திருக்கு.”

பூனையைப் பற்றி ஒன்றும் மேலே சொல்லவில்லை. இருந்தாலும் பூனை வந்திருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

வீட்டில் ஜன்னலுக்கு ஒரு ஒப்பந்தம். பாதி திறந்திருக்கும். வீட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொள்வார். அக்காவிடம் எல்லோர் முன்னாலும் நான் சொன்னது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “கேள்விப்பட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்காமலே எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நிதானமான அம்மா போன் செய்தார். குழாய்கள் உலைக்குள் மூன்று வாரமாக இருக்கின்றன. உள்ளே அவர்கள் வைத்துச் சுடுகிற பொடி நிறம் மாறுவது துல்லியமாகத் தெரிகிறதாம். இன்னும் பதினாறு கேட்டிருக்கிறார். முதலாளி “பார்க்கலாம்” என்றார், வைத்துவிட்டு எங்களிடம் வந்து பதினாறு என்றார்.

நாத்தனார் இன்று பேசியவை: பூனை இவர் வீட்டுப் படியில் குட்டி போட்டிருக்கிறது, மூன்று, அதில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். தண்ணீர்க் குழாய் ஒழுகலை நிறுத்த வந்த ஆள் மூன்று நாள் வந்து, கடைசியில் ஒழுகுவது குழாய் இல்லை சுவர் என்று சொல்லிவிட்டுப் போனார். பல் போன இடத்தில் தம்பி இன்னும் நாக்கைத் துழாவிக்கொண்டே இருக்கிறான், அதை நான்தான் கண்டிக்க வேண்டும். ஏழாம் நம்பர் பஸ்ஸில் புதிதாக ஒரு பெண் டிரைவர், பிரேக் போடுவதே தெரியவில்லை. இந்தக் கையுறை உனக்குப் பெரிசு, ஒரு அளவு சின்னதாக வாங்கச் சொல். எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஒரு குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்தபடி கடைசிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மாதிரிப் பிடிக்கத் தெரியாது அவருக்கு, குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்துகிறார். அப்படிப் பிடித்தாலும் நன்றாகத்தான் தெரிகிறது. பார்த்து முடித்து, சுற்றி, கட்டுக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கை எப்படி இருக்கு? காட்டு.”

கையுறையைக் கழற்றி நீட்டினேன். தன் உறையைக் கழற்றிவிட்டு என் உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“ஈரம்தான். போட்டுக்கோ” என்றார்.

போட்டுக்கொண்டேன்.